யாருடைய குதிரை?
அதிகம் அறியப்படாத குதிரை இனங்களும் அவற்றை வளர்க்கும் மக்களும் – ஒரு பாடம்

சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்குப் போனவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். பந்தயத் திடலில் நெடிய பந்தயக் குதிரைகள் ஓடுகின்றன. அவற்றைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடுகிறது. சிறிது தூரத்தில், கிறகரி வாவிக் கரையில், உயரம் குறைந்த மட்டக்குதிரைகள் உல்லாசப் பிரயாணிகளின் பிள்ளைகளைச் சுமந்தபடி மெதுவாக நடக்கின்றன. அவற்றின் கயிற்றைப் பிடித்து நடப்பவர்களில் நமது தோட்டங்களிலிருந்து வந்த இளைஞர்களும் உண்டு.

அப்படிப்பட்ட ஓர் இளைஞனிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். குதிரையைப் பற்றி அவன் சொன்னது ஒரு பாடமாகவே இருந்தது. "மழைக் காலத்தில ஈரத்திலயே நின்னா குளம்பு ஊறி அழுகிப் போகும் சாமி. காஞ்ச எடமாப் பாத்துக் கட்டணும். தை மாசப் பனியில சாக்குப் போத்தணும். வவுறு உப்புனா படுக்க விடாம நடத்திக்கிட்டே இருக்கணும்" என்றான். "இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாயே, இது உன் குதிரையா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "நம்ம குதிரை இல்லீங்க சாமி. மொதலாளி குதிரை. ஆனா நான் சொன்னாத்தான் கேக்கும்" என்றான்.

இந்தப் பதிலை வைத்துக்கொண்டே இன்றைய பாடத்தைத் தொடங்குவோம். அரபுக் குதிரை, பந்தயக் குதிரை என்பவற்றை உலகம் அறியும். ஆனால் மலைகளிலும் தீவுகளிலும் வறண்ட மேட்டு நிலங்களிலும் எளிய மக்களோடு வாழும் சிறு குதிரை இனங்கள் பல உண்டு. அவற்றுள் சில ஏன் நிலைத்து நிற்கின்றன, சில ஏன் அழிந்து வருகின்றன என்று பார்த்தால், குதிரையைப் பற்றி மட்டுமன்றி நம்மைப் பற்றியும் சிலவற்றை அறிந்துகொள்ளலாம்.

1. இனம் என்பது எப்படி உருவாகிறது?

ஓர் இடத்தின் குளிர், வெயில், புல், தண்ணீர் ஆகியவற்றுக்குப் பல தலைமுறைகளாகப் பழகிய விலங்குகளிலிருந்து, அங்குள்ள மக்கள் தமக்கு ஏற்றவற்றைத் தெரிந்தெடுத்துப் பெருக்கும்போது ஓர் இனம் உருவாகிறது. எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது, எதை விற்பது, எந்தப் பெட்டைக்கு எந்தக் கடுவனைச் சேர்ப்பது என்ற தீர்மானங்கள் ஆண்டுதோறும் எடுக்கப்படுகின்றன. ஆகவே ஓர் இனத்தில் பாதி இயற்கையின் வேலை. மறுபாதி மக்களின் வேலை.

இதற்கு நான்கு காரியங்கள் தேவைப்படுகின்றன. மேய்வதற்கு நிலம் வேண்டும். அந்த விலங்குக்கு அந்த ஊரில் ஒரு வேலை இருக்க வேண்டும். அதை வளர்க்கும் அறிவு மக்களிடம் இருக்க வேண்டும். அதன்மேல் அவர்களுக்கு உரிமை இருக்க வேண்டும். நிலம், வேலை, அறிவு, உரிமை என்ற இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

2. அறிவில்லாமல் வாங்கிய குதிரைகள்

தமிழ்நாட்டுக் கரைக்குக் குதிரைகள் கடல் வழியாக வந்தன. காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னை மாணிக்கவாசகர் திருப்பணிக்குச் செலவழித்ததும், நரிகள் பரிகளாக வந்ததும் தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்குத் தெரிந்த கதைதான். அந்தக் கதைக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. பாண்டிய அரசின் செல்வத்தில் பெரும்பகுதி குதிரை வாங்குவதிலேயே கரைந்தது.

13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ இதை விரிவாக எழுதியிருக்கிறார். மன்னன் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றில் 100 கூட உயிருடன் மிஞ்சுவதில்லை என்றும் அவர் கூறுகிறார். கணக்கில் மிகை இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது. குதிரையைப் பராமரிக்கும் அறிவு அங்கு இருக்கவில்லை. குதிரை விற்ற வணிகர்களோ குதிரை வைத்தியர்களைக் கூட்டி வருவதுமில்லை, வர விடுவதுமில்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே புதிய குதிரைகள் விலைபோகும்!

பணம் இருந்தது, அரசனுக்கு உரிமை இருந்தது, போரில் குதிரைக்கு வேலையும் இருந்தது. ஆனால் ஏற்ற நிலமும் அறிவும் இல்லாமற்போகவே, எத்தனை ஆயிரம் குதிரைகள் வந்தும் அவற்றிலிருந்து அந்தக் கரைக்கென ஓர் இனம் எழவில்லை.

3. நெடுந்தீவின் குதிரைகள்

நம் நாட்டில் குதிரைகள் தாமாகவே கூட்டமாக வாழும் இடம் யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே உள்ள நெடுந்தீவு. குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் போக வேண்டும். முருகைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளையும், பனைகளையும், பரந்த புல்வெளியையும் கொண்ட தீவு அது. அங்கு திரியும் மட்டக்குதிரைகள் ஐரோப்பியர் காலத்தில் வந்தவற்றின் வழித்தோன்றல்கள். ஒல்லாந்தர் நெடுந்தீவிலும் இரணைதீவிலும் குதிரை வளர்த்தார்கள். பின்னர் பிரித்தானியர் காலத்தில், 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற அதிகாரி நெடுந்தீவில் இந்த வேலையை நடத்தினார். அக்காலத்துக் குதிரை லாயங்களின் இடிபாடுகளை இன்றும் அங்கே காணலாம்.

இராணுவத்துக்கும் அரசாங்கத்துக்கும் வளர்க்கப்பட்ட குதிரைகள், அந்த வேலை முடிந்ததும் கைவிடப்பட்டன. அவை தாமே பெருகி, உப்புக் காற்றுக்கும் வறட்சிக்கும் பழகிக்கொண்டன. ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் தழைக்கும். வைகாசிக்குப் பின்னர் வரும் வறண்ட மாதங்களில் குட்டைகள் வற்றிவிடும். கடும் வறட்சி வந்த ஆண்டுகளில் தண்ணீரின்றிக் குதிரைகள் இறந்திருக்கின்றன. அதே தண்ணீரையும் அதே புல்லையும் நம்பித்தான் தீவு மக்களின் மாடுகளும் ஆடுகளும் இருக்கின்றன.

2015 ஆம் ஆண்டில் நெடுந்தீவின் 1846 ஹெக்டேயர் நிலம் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. குதிரைகளுக்கு நிலம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் நாம் சொன்ன நான்கில் மற்ற மூன்றையும் பாருங்கள். தீவு மக்களின் அன்றாட வாழ்வில் அந்தக் குதிரைக்கு வேலை இல்லை. அதைப் பழக்கி வளர்க்கும் அறிவு தலைமுறைகளாகக் கைமாறி வரவில்லை. உரிமை அரசாங்கத்துடையது. அதனால் குதிரைகள் இருக்கின்றன. ஆனால் 'எங்கள் குதிரை' என்று சொல்லி அவற்றை வளர்க்கும் மக்கள் இல்லை.

4. அதே கம்பனி, வேறொரு மலைநாடு

இனி வெகு தொலைவில் உள்ள ஒரு நாட்டுக்குப் போவோம். யாழ்ப்பாணத்தை 1658 இல் கைப்பற்றிய அதே ஒல்லாந்தக் கம்பனி, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1652 இல், ஆபிரிக்காவின் தென்முனையில் ஒரு துறையை அமைத்தது. அடுத்த ஆண்டே ஜாவாத் தீவிலிருந்து அங்கே குதிரைகளைக் கொண்டு சென்றது. இந்தக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்குப் பின்னர் பசோத்தோ என்னும் மலைநாட்டு மக்களின் கைக்கு வந்தன.

அந்த மக்களின் தலைவர் மொஷூஷூ. போராலும் பஞ்சத்தாலும் சிதறி ஓடி வந்தவர்களை அவர் 1824 முதல் தாபா போசியு என்ற உச்சி தட்டையான மலையில் கூட்டி வாழ வைத்தார். குதிரையை முன்பின் அறியாத மக்கள் அவர்கள். ஆனால் 1852 இல் பிரித்தானியப் படை அவர்களை எதிர்த்து வந்தபோது, ஆயிரக்கணக்கான பசோத்தோக் குதிரை வீரர்கள் அதை எதிர்கொண்டார்கள். ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்துக்குள் அவர்கள் குதிரைக்காரச் சமூகமாகிவிட்டார்கள்.

மலைப் பாறைகளில் ஏறி இறங்கியும், குளிரில் வெளியே நின்றும், கிடைத்த புல்லைத் தின்றும் அந்தக் குதிரை சிறுத்தது, ஆனால் உறுதியானது. குளம்பு கல்லாக இறுகியது. பசோத்தோ மட்டக்குதிரை என்று இன்று சொல்லப்படும் இனம் இவ்வாறு உருவானது. 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நடந்த போருக்காகப் பிரித்தானியர் இந்தக் குதிரைகளைப் பெருந்தொகையாக வாங்கிச் சென்றார்கள். நல்ல குதிரைகள் பல போனதால் இனம் நலிந்தது. எனினும் அழியவில்லை. லெசோத்தோ என்ற பெயரில் 1966 இல் சுதந்திரம் பெற்ற அந்த நாட்டில், வண்டி போகாத மலைக் கிராமங்களுக்கு இன்றும் மனிதரும் மாவு மூட்டையும் மருந்தும் குதிரையில்தான் போகின்றன.

இரண்டு இடங்களுக்கும் குதிரையைக் கடல் கடந்து கொண்டுவந்தது ஒரே கம்பனி. ஓரிடத்தில் குதிரை அதிகாரியின் உடைமையாக இருந்து, அவர் போனதும் அநாதையானது. மற்ற இடத்தில் மக்கள் தம் மலையைத் தம் கையில் வைத்திருந்தார்கள். வந்த குதிரை அவர்களுடையதாயிற்று.

5. நிலம் போனால் குதிரையும் போகும்

மக்கள் தம் குதிரையை நெஞ்சார நேசித்தும் அது அழிந்து வருவதற்கு இந்தியாவின் வடகிழக்கில் உள்ள மணிப்பூர் உதாரணமாகும். ஏறத்தாழ நாலடி உயரமே உள்ள மணிப்பூரிக் குதிரை மெய்த்தெய் மக்களின் வழிபாட்டிலும் விளையாட்டிலும் கலந்தது. மார்ஜிங் என்ற தெய்வம் குதிரையோடு சேர்த்து வணங்கப்படுகிறது. குதிரை மேலிருந்து கோலால் பந்தடிக்கும் அவர்களது 'சகோல் காங்ஜெய்' விளையாட்டைப் பார்த்துப் பழகிய பிரித்தானியத் தோட்டக்காரர்களும் அதிகாரிகளும் 1859 இல் அசாமின் சில்ச்சாரில் ஒரு கழகம் அமைத்தார்கள். இன்று உலகச் செல்வந்தர்கள் ஆடும் போலோ அங்கிருந்துதான் பரவியது.

அந்தக் குதிரையின் இன்றைய நிலை என்ன? கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2003 இல் 1898 ஆக இருந்த மணிப்பூரிக் குதிரைகள் 2012 இல் 1101 ஆகக் குறைந்தன. குதிரைகள் மேய்ந்த சதுப்பு நிலங்கள் கட்டடங்களும் வீதிகளுமாக மாறியதே இதற்குப் பெருங்காரணம். மேய்ச்சல் இழந்த குதிரைகள் இம்பால் நகரின் குப்பைமேடுகளில் தீனி தேடுகின்றன, வாகனத்தில் அடிபடுகின்றன. 2016 இல் மாநில அரசு குதிரைப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை வகுத்தது. 2023 சனவரியில் குதிரை மீதமர்ந்த போலோ வீரரின் சிலை ஒன்று 120 அடிக்கும் மேலான உயரத்தில் அங்கே திறந்து வைக்கப்பட்டது. சிலைக்கு மேய்ச்சல் தேவையில்லை. உயிருள்ள குதிரைக்குத் தேவை.

மணிப்பூரில் வேலை உண்டு, அறிவு உண்டு, உரிமையும் உண்டு. நிலம் மட்டும் கைநழுவிப் போயிற்று. அந்த ஒன்று போனதே எண்ணிக்கையை இந்த அளவுக்குக் குறைத்துவிட்டது.

6. பெயர் கிடைக்காத குதிரைகள்

நான்கும் இருந்தும் வெளியார் கண்ணில் படாத இனங்களும் உண்டு. மகாராட்டிரத்தின் வறண்ட தக்காண மேட்டில் தங்கர் என்ற ஆட்டிடையர் வாழ்கிறார்கள். மழை முடிந்ததும் மந்தைகளை ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு கால்நடையாகப் புறப்பட்டுப் பல மாதங்கள் ஊர் ஊராகத் திரிவார்கள். அவர்களுடைய வீட்டைச் சுமப்பது குதிரை. கூடாரத் துணி, பானை சட்டி, கோழிக் கூடை, அன்று பிறந்த ஆட்டுக்குட்டி, சில வேளை கைக்குழந்தை எல்லாம் அதன் முதுகில் ஏறும். பீமா நதிக்கரையின் பெயரால் பீம்தடி என்று அழைக்கப்படும் இந்தக் குதிரை ஒரு காலத்தில் மராட்டியப் படைகளைச் சுமந்தது. படைகள் போன பின்பு அதைக் காப்பாற்றி வைத்தவர்கள் இந்த இடையர்களே. எனினும் அது கலப்புக் குதிரை, தனி இனமல்ல என்று நெடுங்காலம் ஒதுக்கி வைக்கப்பட்டது. அண்மைக் காலத்தில்தான் இந்தியாவின் கர்னால் நகரிலுள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் அதைத் தனி இனமாகப் பதிவு செய்தது.

இமயமலையின் ஸ்பித்திப் பள்ளத்தாக்கிலும், லடாக்கின் சன்ஸ்காரிலும் வாழும் மக்களும் இவ்வாறே. 10,000 அடிக்கு மேல், மூச்சுத் திணறும் உயரத்தில், பனியில் கால் வழுக்காமல் பொதி சுமக்கும் சிறு குதிரைகளை அவர்கள் வளர்க்கிறார்கள். ஸ்பித்திக் குதிரைகள் கார்த்திகை மாத அளவில் ராம்பூரில் கூடும் லவிச் சந்தைக்கு விற்பனைக்கு வரும். அந்தச் சந்தையில் குதிரைக்காரர் குதிரையின் கால், குளம்பு, மூச்சு, நடை ஆகியவற்றைப் பார்த்து விலை பேசுவார். எழுதப்படாத அந்த அறிவே இனத்தைக் காக்கும் ஏடு.

உலக உணவு விவசாய நிறுவனம் 2007 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் பதிவான 7600க்கும் மேற்பட்ட கால்நடை, கோழி இனங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அழியும் ஆபத்தில் இருந்தது. இவ்வாறு அழிபவற்றைப் பேணியவர்களில் பெரும்பாலானோர் நிலம் குறைந்த எளிய மக்களே.

7. நமது மலைகளில் குதிரை

இப்போது நம் மலைக்குத் திரும்புவோம். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848 இல் நுவரெலியாவில் பண்ணை அமைக்கப் புறப்பட்டபோது குதிரைகளையும் வண்டியையும் கொண்டுவந்தார். இறம்பொடைக் கணவாயில் வண்டியும் குதிரைகளும் பள்ளத்தில் உருண்ட கதையை 1855 இல் வெளியான தமது நூலில் அவரே எழுதியிருக்கிறார். புகையிரதம் ஹட்டனுக்கு 1884 இலும் நானுஓயாவுக்கு 1885 இலும்தான் வந்தது. அதற்கு முன்னும் பின்னும், மோட்டார் வண்டி பெருகும் வரையில், துரைமார் தோட்டத்தைச் சுற்றி வந்தது குதிரையில்தான். நம் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தார்கள். பின்பு மலைக்கும் நடந்தே ஏறினார்கள்.

துரையின் குதிரையைப் பார்த்துக்கொண்டவர் 'குதிரைக்காரர்' எனப்பட்ட நமது மனிதரே. அவர் விடியுமுன் எழுந்து குதிரையைத் தேய்த்துக் கழுவுவார். கொள்ளு ஊற வைப்பார். புல்லறுத்து வருவார். துரை சவாரி போகையில் பக்கத்தில் நடந்தும் ஓடியும் போவார். கால் பிசகினால் தைலம் தேய்ப்பார். மூன்று, நான்கு தலைமுறைகள் இந்த அறிவு நம்மிடம் இருந்தது. குதிரைக்கு வேலையும் இருந்தது. மலை முழுவதும் நிலமும் இருந்தது. ஆனால் அந்த நிலத்தில் ஒரு சாணும் நமது பெயரில் இல்லை. எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது என்ற தீர்மானமும் நம்முடையதாக இருக்கவில்லை. மோட்டார் வண்டி வந்தது, குதிரை போயிற்று, குதிரைக்காரரின் அறிவும் அவரோடு மறைந்தது. நமது மலையில் குதிரைகள் நடந்தன. நமது மக்களுக்கென ஒரு குதிரை இனம் உண்டாகவில்லை.

இங்கே ஒரு சொல்லையும் கவனிக்கலாம். நாம் குடியிருக்கும் வரிசை வீட்டை 'லயன்' என்றும் 'லயம்' என்றும் சொல்கிறோம். அது ஆங்கிலத்தில் வரிசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. குதிரை கட்டும் இடம் 'லாயம்'. அது வேறு சொல். ஆனால் லயத்துக்கும் லாயத்துக்கும் இடையே ஓர் எழுத்துத்தான் வேறுபாடு என்று பெரியவர்கள் கசப்போடு வேடிக்கையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். துரையின் குதிரைக்குத் தனி லாயம் இருந்ததையும், ஓர் அறையில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்ததையும் நினைவில் வைத்திருந்தவர்கள் அவர்கள்.

8. இந்தப் பாடத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்வது

இன்று நாம் எல்லோரும் குதிரை வளர்க்க வேண்டும் என்பதல்ல இந்தப் பாடத்தின் முடிவு. ஒரு விலங்கு ஒரு மக்களுடையதாக ஆவதற்கு எவை தேவை என்பதைக் குதிரை நமக்குக் காட்டித் தருகிறது. லயத்துக்குப் பின்னால் சிறு கொட்டில் போட்டுப் பசு வளர்க்கும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் ஏராளம். கொழுந்தெடுத்து வந்த களைப்போடு ஆற்றோரத்திலும் வீதியோரத்திலும் புல்லறுத்துச் சுமந்து வருபவர்கள் நமது பெண்கள். பசுவைப் பற்றிய அறிவு அவர்களிடம் உண்டு. பாலுக்குத் தேவை உண்டு. பசு அவர்களுடையதுதான். புல் நிலம்? கொட்டில் நிற்கும் நிலம்? வீட்டுக்கென 7 பேர்ச், 10 பேர்ச் என்று நாம் பேசுகையில், மாட்டுக்குரிய புல் அந்தக் கணக்கில் சேருவதில்லை.

வாவிக்கரை இளைஞனை மீண்டும் நினைத்துக்கொள்வோம். அவனிடம் அறிவு இருக்கிறது. பருவ காலத்தில் வேலை இருக்கிறது. நிலமும் உரிமையும் இல்லை. தன் முப்பாட்டன் குதிரைக்காரராக நின்ற அதே இடத்தில்தான் அவனும் நிற்கிறான். அவனுடைய அறிவை யாரும் அறிவு என்று எண்ணவில்லை; கயிறு பிடிக்கும் கூலி என்றே எண்ணுகிறார்கள். பீம்தடிக் குதிரையைத் தனி இனம் என்று ஏற்கப் படித்தவர்களுக்கு எத்தனையோ காலம் எடுத்தது. அதுவரையும் தங்கர் இடையர்கள் தம் குதிரையை விட்டுவிடவில்லை, தாம் அறிந்ததைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் தவறவில்லை. நாமும் முதலில் செய்யக்கூடியது அதுவே. நம் பெரியவர்களுக்குக் கால்நடைகளைப் பற்றித் தெரிந்ததைக் கேட்டு எழுதி வைப்போம். பின்னர் நிலத்தைப் பற்றிப் பேசும் ஒவ்வோர் இடத்திலும், வீட்டு நிலத்தோடு புல் நிலத்தையும் சேர்த்துக் கேட்போம்.

குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் தோட்டத்தில் குதிரைக்காரராக இருந்தவரின் குடும்பம் எது? அவரைப் பற்றி அந்தக் குடும்பத்தினருக்கு என்ன நினைவிருக்கிறது?

2. நிலம், வேலை, அறிவு, உரிமை ஆகிய நான்கில், உங்கள் வீட்டுப் பசுவுக்கோ ஆட்டுக்கோ எது இருக்கிறது, எது இல்லை?

3. பசோத்தோ மக்கள் ஒரு தலைமுறைக்குள் செய்ததை நமது முன்னோரால் ஏன் செய்ய முடியவில்லை? "நமக்குத் தெரியாது" என்பதுதான் காரணமா?

4. உங்கள் தோட்டத்தில் தேயிலை பிடுங்கப்பட்டு வெறுமையாகக் கிடக்கும் நிலம் எவ்வளவு? அதில் எத்தனை குடும்பங்களின் மாடுகளுக்குப் புல் வளர்க்கலாம்? ஒரு நாள் எல்லோருமாக நடந்து பார்த்துக் கணக்கெடுங்கள்.